தள்ளிப்போட்ட வேலையைத் தொடங்குவது எப்படி? புதிதாக முயல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வருமான வரி விவரத்திரட்டைச் சமர்ப்பிப்பதற்கு இலங்கையில் வழங்கப்படும் கால அவகாசம் சிறியதன்று. மதிப்பீட்டாண்டு மார்ச் 31ஆம் திகதி முடிவடைகிறது. விவரத்திரட்டுக்குரிய கடைசி நாள் நவம்பர் 30. இடையில் முழுதாக எட்டு மாதங்கள் இருக்கின்றன. இருந்தும், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு கணக்காளரைக் கேட்டுப் பாருங்கள். நவம்பர் கடைசி வாரத்தில் தமக்கு உறக்கமே இல்லை என்பார். அந்த வாரத்தில் ஓடி வருபவர்கள் சோம்பேறிகள் அல்லர். அதே எட்டு மாதங்களுக்குள் கடை நடத்தியவர்கள், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க அலைந்தவர்கள், உறவினரின் திருமணத்துக்கு மண்டபம் முதல் பந்தி வரை முன்னின்று பார்த்தவர்கள். ஒரேயொரு கோப்பை மட்டும் அவர்களால் திறக்க முடியவில்லை. அந்தக் கோப்பு ஏன் மூடியே கிடந்தது என்று விளங்கிக்கொண்டால், அதைத் திறக்கும் வழியும் பெரும்பாலும் புலப்பட்டுவிடும். ஆகையால் முதலில் காரணத்தையும் அதன் பின்னர் செய்முறையையும் பார்ப்போம்.

எது தள்ளிப்போடுதல்?

பிந்துவதெல்லாம் தள்ளிப்போடுதல் ஆகாது. இத்துறையில் வெளிவந்த பெருந்தொகையான ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2007ஆம் ஆண்டில் மீளாய்வு செய்த கனடிய ஆய்வாளர் பியர்ஸ் ஸ்டீல், பிந்தினால் தமக்கே கேடு என்று எதிர்பார்த்தும், செய்ய எண்ணிய ஒரு வேலையை ஒருவர் தாமாகவே பிந்தச் செய்வதே தள்ளிப்போடுதல் என்று வரையறுத்தார். இந்த வரையறையில் மூன்று நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. வேலையைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் உங்களிடம் இருக்க வேண்டும். அதைத் தடுப்பது வெளியிலுள்ள காரணமாக இருக்கக்கூடாது. பிந்துவதால் வரும் பாதிப்பும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாயார் வைத்தியசாலையில் இருக்கும் வாரத்தில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்காமல் விட்டால் அது முன்னுரிமை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஊரிலிருந்து வரும்வரை காத்திருந்தால் அது காத்திருப்பு. பிரதி கைக்கு வந்த பின்னும் இரண்டு மாதம் அது மேசை இலாச்சிக்குள் கிடந்தால், அப்போதுதான் இக்கட்டுரை உங்களுக்குத் தேவைப்படுகிறது.

கொழும்பில் வாழ்பவர்களுக்கு வெளிக்காரணங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காலி வீதியின் நெரிசல், மழை, நீண்ட வரிசை ஆகியவை பொய்யானவை அல்ல. ஆனால் போயா விடுமுறையில் அந்த வேலையை முடித்துவிடலாம் என்று ஒருவர் சொல்லும்போது, அன்று திணைக்களமும் வங்கியும் மூடியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும். நடக்க முடியாத ஒரு நாளை மனம் தானாகவே தேர்ந்தெடுக்கிறது என்றால், தடை வீதியில் இல்லை என்று கொள்ளலாம்.

மனம் எதிலிருந்து விலகுகிறது?

பலரும் இதை நேர முகாமைத்துவக் குறைபாடு என்றே கருதுகின்றனர். ஆகவே முதலில் ஒரு நாட்குறிப்பு வாங்குகின்றனர். நாட்குறிப்பு ஜனவரியில் நிரம்புகிறது, பெப்ரவரியில் வெறுமையாகிறது. இதில் வியப்பில்லை. கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் சுட்டுவது வேறொன்றை: தள்ளிப்போடுதல் பெரும்பாலும் நேரத்தோடு அல்ல, உணர்வோடு தொடர்புடையது. ஒரு வேலையை நினைத்தவுடன் சலிப்போ பயமோ குழப்பமோ எழுகிறது. அதை விட்டு விலகியவுடன் மனம் இலேசாகிறது. அந்த உடனடி நிம்மதியே பரிசாகிவிடுவதால் அடுத்த முறையும் மனம் அதையே நாடுகிறது. அமெரிக்க உளவியலாளர்களான டயான் டைஸும் ரோய் போமைஸ்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், வேலைகளைத் தள்ளிப்போடும் மாணவர்கள் தவணையின் தொடக்கத்தில் மற்றவர்களைவிடக் குறைந்த மன அழுத்தத்துடனும், தவணையின் முடிவில் கூடிய அழுத்தத்துடனும் நோயுடனும் காணப்பட்டனர். அவர்களின் புள்ளிகளும் குறைவாக இருந்தன. முதலில் கிடைத்த நிம்மதி உண்மையானதுதான். பின்னர் அதற்குக் கொடுத்த விலை அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஸ்டீலின் மீளாய்வு சில காரணிகளை வலுவானவையாக இனங்காட்டியது. வேலை வெறுப்பூட்டுவதாக இருத்தல், அதன் பலனோ தண்டனையோ தொலைவில் இருத்தல், தம்மால் முடியும் என்ற நம்பிக்கை குறைந்திருத்தல், மனம் போனபடி உடனே செயற்படும் இயல்பு ஆகியன அவற்றுள் முக்கியமானவை. வரி விவரத்திரட்டை இவற்றோடு பொருத்திப் பாருங்கள்: வேலை சலிப்பானது, தண்டப்பணம் எட்டு மாதத் தொலைவில் இருக்கிறது, படிவத்தின் சொற்கள் விளங்காததால் நம்பிக்கையும் குறைவு. ஏப்ரல் மாதத்தில் அதைத் தொடாமல் விடுவது ஏறக்குறைய எதிர்பார்க்கத்தக்கதே. அதேவேளை, எல்லாவற்றையும் பூரணமாகச் செய்ய விரும்புவதனாலேயே பிந்துகிறேன் என்று நம்மில் பலர் சற்றுப் பெருமையுடன் சொல்வதுண்டு. பூரணத்துவ நாட்டத்துக்கும் தள்ளிப்போடுதலுக்கும் இடையிலான தொடர்பு மிகச் சிறியது என்பதே அந்த மீளாய்வின் முடிவு. அந்தக் காரணத்தை ஆசையோடு பற்றிக்கொள்ள வேண்டாம்.

தமிழ் பேசும் கொழும்புவாசிகளிடம் இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பொதுவான சுயமுன்னேற்ற நூல்களில் தேடினால் கிடைக்காது. திணைக்களக் கருமபீடத்தின் முன் நின்று சிங்களத்தில் பேச வேண்டியிருக்குமோ, தவறாகப் பேசினால் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சத்தினாலேயே தேசிய அடையாள அட்டைத் திருத்தம், காணி ஆவணம், ஊழியர் சேமலாப நிதிக் கோரிக்கை போன்றவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடப்படுகின்றன. ஒருவர் இதை வாய்விட்டுச் சொல்வது அரிது. "நேரம் கிடைக்கவில்லை" என்றே சொல்வார். ஆனால் கூச்சம் என்ற உண்மையான பெயரைச் சொல்லிவிட்டால் பரிகாரமும் மாறிவிடுகிறது. அவருக்குத் தேவை கால அட்டவணை அன்று. துணைக்கு வரும் ஒரு நண்பரோ முன்கூட்டியே பெற்ற ஒரு தகவலோ போதும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் முதல் தமிழும் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பிலேயே உள்ளது. எனவே தமிழில் படிவம் கேட்பது சலுகை கேட்பதாகாது. 1919 என்ற இலக்கத்தில் அரச தகவல் நிலையத்தை அழைத்து, எந்தத் திணைக்களத்துக்கு எந்த ஆவணங்களைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று தமிழிலேயே கேட்கலாம்.

முதற் படி: ஒரு தாள், இரண்டு நிரல்கள்

ஒரு வெற்றுத் தாளை எடுத்து, தள்ளிப்போட்டிருக்கும் வேலைகளை இடப்பக்கத்தில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, வேண்டாம் என்பதே. பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் வட்ஸ்அப்பும் சேர்ந்து திறக்கும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, வலப்பக்கத்தில், அதை நினைத்ததும் எழும் உணர்வை ஒரு சொல்லில் எழுதுங்கள்: சலிப்பு, பயம், குழப்பம், வெட்கம், கோபம். பல் வைத்தியரிடம் போவதற்கு எதிரே பயம் என்று வரும். வாடகை வீட்டின் ஒழுகும் குழாயைப் பற்றி உரிமையாளரிடம் பேசுவதற்கு எதிரே சங்கடம் வரும். கணக்கியல் பரீட்சைக்கான பாடத்துக்கு எதிரே குழப்பம் என்று எழுதினால், அது பெரும்பாலும் எங்கே தொடங்குவது என்று தெரியாததையே குறிக்கிறது.

வலப்பக்கத்துச் சொல்லே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சலிப்புக்கு மருந்து, வேலையைக் குறுக்கி அதனோடு ஓர் இன்பத்தைச் சேர்ப்பது; பழைய பற்றுச்சீட்டுகளை அடுக்கும்போது வானொலியைப் போட்டுவிடலாம். குழப்பத்துக்கு மருந்து, தெரிந்த ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்பது. பயத்துக்கும் வெட்கத்துக்கும் துணை வேண்டும். கோபம் என்று எழுதியிருந்தால் சற்று நின்று யோசியுங்கள். அந்த வேலை உண்மையில் உங்களுடையதுதானா, அல்லது யாரோ உங்கள் தலையில் கட்டியதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: பெயர்ச்சொல்லை வினையாக்குதல்

பட்டியலில் "வாகன அனுமதிப்பத்திரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேலையன்று, தலைப்பு. தலைப்பை யாராலும் செய்ய முடியாது. வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்குச் செல்லுபடியாகும் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். அவை இரண்டும் கையில் இருந்தால் எஞ்சியதை இணையத்திலேயே முடித்துவிடலாம். ஆகவே முதல் வேலை, காப்புறுதி எந்தத் திகதியில் முடிகிறது என்று காப்புறுதிப் பத்திரத்தில் பார்ப்பது மட்டுமே. அதற்கு அரை நிமிடம் போதும். அடுத்த வேலை, சனிக்கிழமை கடைக்குப் போகும் வழியில் புகைப் பரிசோதனை நிலையத்தில் நிற்பது.

ஒரு வேலையின் முதல் நகர்வு பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்குமானால் அதை இன்னும் உடைக்க வேண்டும் என்பதைப் பொது விதியாகக் கொள்ளலாம். வரி விவரத்திரட்டை எடுத்தால், நிலையான வைப்பு வட்டிக்கான கூற்றைத் தருமாறு வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவதே முதல் நகர்வு. உயர்தர மாணவருக்கோ கடந்தகால வினாத்தாளின் ஒரேயொரு கேள்வியைப் பார்த்து எழுதுவது முதல் நகர்வாகலாம். இவ்வளவு சிறியதைச் செய்து என்ன பயன் என்று மனம் கேட்கும். பயன் அந்த மின்னஞ்சலில் மட்டும் இல்லை. வேலையைத் தொட்டவுடன் அதைப் பற்றிய வெறுப்பு, தொடுவதற்கு முன்பிருந்த அளவில் பெரும்பாலும் இருப்பதில்லை. தொடாத வேலை, கழுவாத சட்டியைப் போல, நேரம் செல்லச் செல்லக் கூடுதலாகக் காய்ந்து பிடித்துக்கொள்கிறது.

மூன்றாம் படி: நேரமும் இடமும் சேர்ந்த ஒரு வாக்கியம்

"இந்த வாரம் செய்வேன்" என்பது விருப்பம். ஜேர்மனிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் தொடங்கி முன்வைத்த முறை, விருப்பத்தை ஒரு நிபந்தனை வாக்கியமாக்குவது: இன்னது நடந்தவுடன், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன். அவரும் பஸ்கல் ஷீரனும் 2006இல் 94 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவ்வாறு திட்டமிட்டவர்கள் வெறும் எண்ணம் மட்டும் வைத்திருந்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இலக்கை அடைந்திருந்தமை தெரியவந்தது. செய்வதா வேண்டாமா என்ற விவாதத்துக்கு அந்தக் கணத்தில் இடமில்லாமற் போவதே இதன் வலிமை.

வாக்கியத்தை உங்கள் நாளிலுள்ள மாறாத ஒன்றோடு கட்டுங்கள். கந்தோர் முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்குபவருக்கு வீடு சேரும் நேரம் ஒருநாளும் ஒன்றாக இராது, ஆகவே "மாலை 6.30க்கு" என்று எழுதினால் நெரிசலே அதை முறித்துவிடும். "வீட்டுக்கு வந்து தேநீர் குடித்து முடித்த கோப்பையைக் கழுவி வைத்தவுடன், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விண்ணப்பத்தின் முதற் பக்கத்தை நிரப்புவேன்" என்று எழுதினால் எந்த நேரத்திலும் அது பொருந்தும்.

நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ராகுகாலம் நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் மட்டுமே, வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை என்றால், 12 மணி அடித்தவுடன் தொடங்குவேன் என்று எழுதுங்கள். நம்பிக்கையுள்ளவருக்கு அதுவே உறுதியான தொடக்க நேரமாகிவிடும். சிக்கல் ராகுகாலத்தில் இல்லை, மாதக்கணக்கில் நீளும் காத்திருப்பில்தான் இருக்கிறது: ஆடி கழியட்டும், தீபாவளி போகட்டும், தை பிறக்கட்டும், சித்திரைப் புத்தாண்டு முடியட்டும். புதுவருடம், பிறந்தநாள், வாரத்தின் முதல் நாள் போன்ற தொடக்கங்களில் மக்களுக்கு ஊக்கம் கூடுகிறது என்பதை 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியிருக்கிறது. அந்த ஊக்கத்தைப் பயன்படுத்துங்கள். ஆனால் நெருங்கி வரும் திங்கட்கிழமையும் ஒரு தொடக்க நாளே என்பதால் தை மாதம்வரை போக வேண்டியதில்லை.

இடமும் கைத்தொலைபேசியும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கொழும்புத் தொடர்மாடி வீடுகளில் தனி மேசைக்கு இடம் கிடைப்பது கடினம். கட்டிலில் உட்கார்ந்து படிப்பவர் படுப்பதற்கு ஒரு சாய்வு தூரமே இருக்கிறது. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும், விகாரமகாதேவி பூங்காவின் அருகே கொழும்பு பொது நூலகமும் இருக்கின்றன. அங்கே சென்று அமர்ந்தால் சுற்றியிருப்பவர்கள் படிப்பதே ஒரு கட்டாயமாகிவிடும். கைத்தொலைபேசியைப் பொறுத்தவரை, மனவுறுதியை நம்ப வேண்டாம். வேலை செய்யும் அரை மணித்தியாலத்துக்கு அதை வேறு அறையில் வைத்துவிடுங்கள், அல்லது வீட்டிலிருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது.

கடைசி நாளைப் பிறரிடம் கொடுத்தல்

டான் ஏரியலியும் கிளவுஸ் வெர்டென்புரோக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று கட்டுரைகளை எழுத வேண்டிய மாணவர்களுள் ஒரு வகுப்பினர் தமக்குரிய கடைசித் திகதிகளைத் தாமே தெரிவுசெய்ய அனுமதிக்கப்பட்டனர். பலர் தவணை முடிவுக்கு முன்னரேயே திகதிகளைக் குறித்துத் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்டனர். ஆயினும் சம இடைவெளியில் ஆசிரியரே திகதி குறித்த வகுப்பினரே கூடிய புள்ளிகளைப் பெற்றனர். தமக்குத் தாமே இட்ட கெடு பயன்படுகிறது, பிறர் இட்ட கெடு அதைவிடப் பயன்படுகிறது என்று இதனை விளங்கிக்கொள்ளலாம்.

நமது குடும்ப அமைப்பு இதற்கு வாய்ப்பானது. அக்காவிடமோ மைத்துனரிடமோ, "ஞாயிற்றுக்கிழமை இரவு படிவத்தின் படத்தை அனுப்புகிறேன், வராவிட்டால் எனக்கு அழையுங்கள்" என்று சொல்லிவையுங்கள். குடும்பக் குழுவில் எல்லோருக்கும் அறிவிப்பது வேறு விடயம். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிட்டால் வேலை செய்த திருப்தி வேலை செய்யாமலேயே வந்துவிடும். முடிக்காமற் போனால் சித்தப்பா முதல் இலண்டனிலுள்ள மாமி வரை விசாரிப்பார்கள், அந்த வெட்கம் இன்னொரு தள்ளிப்போடுதலுக்கு வழிவகுக்கும். கடிந்துகொள்ளாமல் கேட்கக்கூடிய ஒருவர் போதும்.

காலத்தைக் குறைத்து மதிப்பிடாதிருத்தல்

தள்ளிப்போடுபவர் தம்மை ஏமாற்றிக்கொள்ளும் இன்னோர் இடம், "அது இரண்டு மணித்தியால வேலைதானே" என்ற கணக்கு. கனடாவில் ரொஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பட்ட ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் எடுக்கும் என்று மாணவர்களிடம் கேட்டபோது சராசரி விடை 33.9 நாளாக இருந்தது; உண்மையில் எடுத்தது 55.5 நாள். பழைய அனுபவத்தை மறந்து, எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்ற கற்பனையில் கணக்கிடுவதே இதற்குக் காரணம். ஆகவே, கடந்த முறை இதே போன்ற வேலைக்கு எவ்வளவு நேரம் சென்றது என்று நினைவுபடுத்தி அதையே எடுங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பத்தரமுல்லைக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போய்வரும் வேலைக்கு அரைநாள் என்று எண்ணாமல் ஒரு முழுநாள் விடுப்பெடுங்கள். முன்னேரத்தில் முடிந்தால் மீதி உங்களுடையது.

தவறிய நாளுக்குப் பின்

மேற்சொன்ன யாவற்றையும் செய்தும் ஏதோ ஒரு மாலை தவறும். தவறுவதைவிட, தவறிய இரவில் தம்மைத் தாமே வைதுகொள்வதே கூடிய கெடுதி செய்கிறது. கனடாவின் கார்ல்ட்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதலாவது பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த பரீட்சைக்கு முன்னர் குறைவாகவே தள்ளிப்போட்டனர். கண்டிப்பே ஒழுக்கத்தின் தாய் என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது ஏற்கக் கடினமான முடிவு. ஆனால் மேலே பார்த்த காரணத்தோடு இது நன்றாகவே இணைகிறது: வேலையோடு குற்றவுணர்வும் சேர்ந்தால் மனம் விலகி ஓட இன்னுமொரு காரணம் கிடைத்துவிடுகிறது. ஆகவே தவறிய மறுநாள், இரண்டு நாள் வேலையையும் சேர்த்துச் செய்ய முயலாதீர்கள். அன்றைய பத்து நிமிடத்தை மட்டும் செய்யுங்கள்.

சிலருக்கு இவை எதுவுமே பயன்படாமற் போகலாம். வேலை மட்டுமன்றிக் குளிப்பதும் உண்பதும் விருப்பமானவற்றைச் செய்வதும் வாரக்கணக்கில் பாரமாகத் தோன்றினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். சிறுவயது முதலே எந்த வேலையிலும் கவனம் நிலைக்காமல் தொடங்கியதெல்லாம் பாதியில் நின்றிருந்தால் கவனக்குறைவுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. குடும்ப வைத்தியரிடம் தொடங்கலாம். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வாரத்துக்கு ஒரு முறை பட்டியலைப் பார்த்தல்

ஞாயிறு மாலையில் அந்தத் தாளை மீண்டும் எடுங்கள். முடிந்தவற்றை வெட்டுங்கள், எஞ்சியவற்றுக்கு அடுத்த பத்து நிமிட நகர்வை எழுதுங்கள். ஒரு வேலை நான்கு ஞாயிறுகள் அசையாமல் இருந்தால், அதை இன்னும் தூக்கிச் சுமப்பதைவிட மூன்றில் ஒன்றைத் தீர்மானிப்பது நல்லது. அதைப் பணம் கொடுத்தோ உதவி கேட்டோ வேறொருவரிடம் ஒப்படைக்கலாம்; வரி வேலையைக் கணக்காளரிடம் ஜூன் மாதத்திலேயே கொடுத்தால் அவரும் நிதானமாகப் பார்ப்பார். குறிப்பிட்ட ஒரு மாதத்துக்குத் தள்ளி, அதுவரை பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அல்லது செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்து அடித்துவிடலாம்: ஐந்து வருடமாகத் தொடங்காத பிரெஞ்சு வகுப்பு, யாரும் கேட்காத புகைப்படத் தொகுப்பு போன்றவை இதில் அடங்கும். அந்த வேலைக்காக யாராவது காத்திருக்கிறார்கள் என்றால் மட்டும், அடிப்பதற்கு முன் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்துச் சொல்லிவிடுங்கள். அதற்கும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.